வியாழக்கிழமைக் குடித்தனம்

"கண்டறியாத காம்பர்! எஞ்சின் பழுதாய்ப் போச்செண்டால் வீட்டையும் சேர்த்தெல்லே கராஜிலை விடவேணும்? பிறகு நாங்கள் எங்கை படுக்கிறது, றோட்டிலையோ?"

அம்பிகை இப்படிக் குரலை உயர்த்தினால் அன்றைக்கு வியாழக்கிழமை. இடம், பலெர்மோவின் பெரிய ரயில் நிலையம், ஸ்தாசியோனே சென்ட்ராலேக்கு முன்னால் பஸ்கள் வந்து திரும்புகிற சதுக்கத்தில் ஒரு மரத்தடி வாங்கு. பக்கத்தில் இருந்து கேட்பவர் அவளுடைய புருசன் தில்லையம்பலம். கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தால் பரவாயில்லையே, அந்த மனிசன் விடமாட்டார்.

"உமக்கு ஒண்டும் விளங்காது. ரூலோட் எண்டால் காரின்ரை பின்னுக்குக் கொழுவி இழுக்கிற பெட்டி. ஓடுற நேரம் அதுக்குள்ளை ஆள் இருக்கக் கூடாது, சட்டம். நீர் காருக்குள்ளை நாரி நோக இருக்கோணும். காம்பர் எண்டால் வீடும் வண்டியும் ஒண்டு. நிப்பாட்டிப்போட்டு, மழை பெஞ்சாலும் வெளியிலை இறங்காமல் பின்னாலை போய்த் தேத்தண்ணி ஊத்தலாம்."

"எங்கை நிப்பாட்டுவியள்? இந்தப் பலெர்மோவிலை ஒரு சைக்கிள் நிப்பாட்ட இடமிருக்கே? ரூலோட்டை ஒரு இடத்திலை கொண்டுபோய் விட்டிட்டு, காரைக் கழட்டிக்கொண்டு சந்தைக்குப் போகலாம். வீடு வைச்ச இடத்திலை கிடக்கும்."

"வைச்ச இடத்திலை கிடக்கிறதுக்குச் சக்கரம் என்னத்துக்கு?"

"உங்களைப்போலை ஆக்களுக்கு ஆசை காட்டத்தான்."

இப்படி ஏழெட்டு வருசம். இடையிடையே அவர் கைபேசியைத் தூக்கிப் பிடித்து அமெரிக்காக்காரரின் வீடியோ காட்டுவார். அவன்கள் வேறு சாதி. பாரவண்டியின் முதுகிலேயே கொழுவி, வீடு அளவில் ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டு பாலைவனத்தில் போவான்கள். அதற்குப் பெயர் ஃபிஃப்த் வீல் என்பார். "அதை இஞ்சை கொண்டுவந்தால் முதல் சந்தியிலையே இறுகி நிக்கும்" என்பாள் அம்பிகை. வாங்கில் அந்தத் தொங்கலில் இருக்கிற இத்தாலியக் கிழவன்கள் இவர்களை ஆவென்று பார்ப்பார்கள். பாசை விளங்காவிட்டாலும் இது புருசன் பெண்சாதிச் சண்டை என்பது எவனுக்கும் விளங்கும்.

ஓய்வுகாலத்தில் ஊர் சுற்ற வண்டி தேடுகிற வசதிக்காரர் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அப்படிப்பட்டவர்களுக்கு அது இரண்டாவது வீடு. இவர்களுக்கு முதலாவது வீடே இல்லை.

இரண்டு பேரும் தங்கி வேலை செய்கிறவர்கள், வயது போனவர்களை அவர்கள் வீட்டிலேயே இருந்து பராமரிக்கிற வேலை. தில்லையம்பலம் வியா லிபெர்த்தாவில் ஒரு பழைய நொத்தாரிசைப் பார்க்கிறார். அம்பிகை மொண்டெல்லோவில் ஒரு சின்யோராவை, பெரிய வீட்டுக் கிழவியைப் பார்க்கிறாள். கிழவர் வீட்டில் அவருக்கு ஒரு கட்டில், கிழவி வீட்டில் அவளுக்கு ஒரு கட்டில். வியாழன் பின்னேரமும் ஞாயிறும் லீவு. கலியாணம் கட்டி இருபது வருசத்துக்கு மேலாகிறது, அந்த இருபது வருசமும் வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் போர்கோ வெக்கியோவில் மொனிகாவின் அறை கிடைக்கும். மொனிகா மன்னார்க்காரி, வேலை பிடித்துக் கொடுப்பதில் கெட்டிக்காரி, நல்ல மனசு. காலைப் பூசைக்குப் போகும்போது திறப்பை மேசையில் வைத்துவிட்டு, பூசை முடிந்தும் வேண்டுமென்றே கோயில் வாசலில் நின்று ஊர்க்கதை கதைத்துவிட்டுத்தான் வருவாள். அவ்வளவு நேரம்தான் இவர்களுடைய குடும்ப வாழ்க்கை.

பிள்ளை? எங்கே வைத்து வளர்க்கிறது? அடுத்த வருசம் பார்ப்போம், அடுத்த வருசம் பார்ப்போம் என்று சொல்லிச் சொல்லியே அந்த வயது போய்விட்டது. அம்பிகை அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. நானும் இத்தோடு விடுகிறேன்.

ஏன் ஒரு அறையை வாடகைக்கு எடுத்திருக்கலாமே என்பீர்கள். தில்லையம்பலத்துக்கு அது பிடிவாதம். "மற்றவன்ரை சுவருக்குள்ளை இருந்தது காணும். இனிச் சுவர் எண்டால் அது என்ரை சுவராய் இருக்கோணும்." வீடு வாங்க ஏலாது. சக்கரம் வைத்த சுவர் வாங்கலாம். அப்படித்தான் இந்தக் காம்பர்ப் பைத்தியம் பிடித்தது. பாரிசில் அவளுடைய தங்கச்சி, ஜெர்மனியில் இவருடைய தமையன், எல்லா வாசலிலும் கொண்டுபோய் நிறுத்தி, "நாங்கள் உங்களுக்குக் கரைச்சல் தர வரேல்லை, எங்கடை வீட்டோடைதான் வந்திருக்கிறம்" என்று சொல்ல வேண்டுமாம். அம்பிகைக்கு ஊர் சுற்றுவதில் ஆசையில்லை. மாறி மாறி எத்தனை வீட்டில் படுத்தாயிற்று! ஒரு இடத்தில் இருக்க வேண்டும், காலையில் எழும்பினால் அதே யன்னலில் அதே மரம் தெரிய வேண்டும், அதுதான் அவளுடைய ரூலோட்.

உண்மையைச் சொன்னால் அவளுக்கு அந்தச் சண்டை பிடிக்கும். கிழடுகளைப் பார்க்கிற வேலையில் முதல் பாடமே எதிர்த்துக் கதைக்கக் கூடாது என்பதுதான். செத்துப்போன மனிசியைக் கூப்பிடு என்று கிழவர் சொன்னாலும், நடுச்சாமத்தில் கடலுக்குப் போகவேண்டும் என்று கிழவி சொன்னாலும், கையை மெல்லத் தட்டிக்கொடுத்து, "ஓம், ஓம். அப்பிடியே செய்வம்" என்று அவர்களுடைய பாசையில் சொல்லிவிட வேண்டும். கிழமை முழுக்க அப்படித் தலையாட்டிவிட்டு வருகிற மனிசன் வியாழக்கிழமை தன்னோடு மட்டும் வரிந்துகட்டிக்கொண்டு சண்டைக்கு நிற்கிறார் என்றால், அவர் தன்னைப் பெண்சாதியாகத்தான் பார்க்கிறார் என்று அவளுக்கு ஒரு நிம்மதி. 

இப்படிச் சண்டை பிடித்துக்கொண்டிருந்த ஒரு வருசம், புரட்டாதி முடிகிறபோது நொத்தாரிசுக் கிழவர் செத்துப்போனார். தில்லையம்பலம்தான் குளிப்பாட்டி உடுப்புப் போட்டுவிட்டார். அதே மாதம் அம்பிகையின் சின்யோராவை மகன் வந்து தோரினோவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். இருபது வருசத்தில் முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வேலையில்லாமல் நின்றார்கள். இரண்டு சூட்கேசையும் மொனிகாவின் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, "இனிப் பகல் வேலை மட்டும்தான். இரவிலை எங்கடை வீட்டிலை படுப்பம்" என்றார் தில்லையம்பலம்.

மொனிகா தலையில் கை வைத்தாள். "விசரோ அண்ணை உங்களுக்கு? ரெண்டு வேலை ஒரே நேரத்திலை வந்திருக்கு. பகேரியாவிலை ஒரு கண் தெரியாத கிழவர், நீங்கள் போகலாம். பொலித்தியாமாப் பக்கம் ஒரு சின்யோரா விழுந்து இடுப்பு முறிஞ்சு கிடக்கிறா, அம்பிகை அக்கா போகலாம். ரெண்டும் தங்கி வேலை. திங்கக்கிழமை நான் பதில் சொல்லோணும், இல்லாட்டி வேறை ஆக்கள் கொத்திக்கொண்டு போயிடுவினம். இந்த வயசிலை இனிப் பகல் வேலை ஆர் தரப்போகினம்?"

"திங்கக்கிழமைக்கிடையிலை நாங்கள் வண்டி எடுத்திடுவம்" என்றார் அவர். இப்போது முடியாவிட்டால் இனி எப்போதும் முடியாது என்று அம்பிகைக்குத் தெரியும். வேலைக்குப் போய்ச் சேர்ந்தால் அந்தக் கிழவரும் கிழவியும் எத்தனை வருசம் இருப்பார்களோ, அதற்குப் பிறகு யார் யாரைப் பார்ப்பது?

சியாகுல்லியில் மண்டரின் தோட்டங்களுக்கு நடுவே, காம்பர்களையும் ரூலோட்டுகளையும் மாரிகாலத்தில் நிறுத்தி வைக்கிற ஒரு வளவு இருக்கிறது. அங்கே கழுவித் துடைக்கிற வேலை கொன்ஸ்ரன்ரைனுக்கு. பேசாலைப் பெடியன், மொனிகாவின் தம்பி முறை. விற்பனைக்கு நின்ற ஒரு பழைய காம்பரையும் ஒரு சின்ன ரூலோட்டையும் அவன்தான் காட்டினான். தில்லையம்பலம் காம்பருக்குள் ஏறி ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடினார். குசினி, மேசை, அதைச் சுற்றி நாலு பேர் இருக்கிற இருக்கை, கக்கூஸ், பின்னால் குறுக்கே ஒரு அகலக் கட்டில். சாரதி இருக்கையை உள்பக்கம் திருப்பினால் அது ஒரு சாய்வுக் கதிரை. சின்னப்பிள்ளைபோல அதில் இருந்து சுற்றிப் பார்த்தார்.

"எடுத்துக்கொண்டு போய் ரெண்டு நாள் இருந்து பாருங்கோ அண்ணை" என்றான் கொன்ஸ்ரன்ரைன். "ஞாயிறு பின்னேரம் கொண்டுவந்து விடுங்கோ. வளவுக்காரச் சின்யோரிட்டை நான் சொல்லுறன். பிடிக்காட்டி ரூலோட்டைப் பாப்பம்."

"பிடிக்காட்டியோ?" என்று சிரித்தார் தில்லையம்பலம். அம்பிகை அவரை அப்படிச் சிரிக்கக் கண்டு கனகாலம்.

வெள்ளிக்கிழமை ஸ்பெராக்காவல்லோவில் கடலைப் பார்த்தபடி கொண்டுபோய் நிறுத்தினார்கள். சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பகல் சொர்க்கம்தான். அம்பிகை தாலிக்கொடியை உள்ளே செருகிக்கொண்டு தன்னுடைய குசினியில் முதன்முதலாகச் சமைத்தாள். சந்தையில் வாங்கின மீனில் குழம்பு, சோறு, கத்தரிக்காய்ப் பொரியல். யன்னலைத் திறந்தால் கடல். "பாத்தீரே, கடல்!" என்றார் அவர். "கடல் என்ன, ரூலோட்டின்ரை யன்னலாலை தெரியாதோ?" என்றாள் அவள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

சாப்பாட்டில்தான் முதல் கோளாறு தெரிந்தது. அவருக்குச் சோற்றைக் கோப்பையில் போட்டுக் கொடுத்துவிட்டு அம்பிகை தன் கோப்பையைக் கையில் வைத்தபடி நின்றுகொண்டே சாப்பிட்டாள். சின்யோரா வீட்டுக் குசினியில் அப்படித்தான், இருக்க எங்கே நேரம், எந்நேரமும் கூப்பிடுவார்கள். திரும்பிப் பார்த்தால் தில்லையம்பலமும் கதவோடு சாய்ந்து நின்றுகொண்டு சாப்பிடுகிறார். நாலு பேர் இருக்கிற மேசை வெறுமையாகக் கிடந்தது. "இருங்கோவன்" என்றாள். "நீர் இரும்" என்றார். ஒருவரும் இருக்கவில்லை. கோப்பையைக் கழுவுகிற நேரம் வந்துவிட்டது.

பிறகு குளிசை. அவருக்கு இரத்த அழுத்தம், ஒரு நாளும் தவறாமல் போட வேண்டும். அம்பிகை தண்ணியும் குளிசையும் கொடுத்தாள், அவர் விழுங்கினார், அவள் தன்பாட்டில், "வாயைத் திறவுங்கோ. நாக்கைத் தூக்குங்கோ" என்றாள். தில்லையம்பலம் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார். பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவருடைய வாய்க்கடையை அவள் ஒரு துணியால் துடைத்தும் விட்டாள். அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

அவள் கக்கூசுக்குப் போனால் அவர் கதவடியில் வந்து நின்று, "ஒண்டுமில்லைத்தானே? வழுக்கேல்லைத்தானே?" என்று கேட்டார். தோடம்பழத்தைத் தோல் உரித்து, விதை எடுத்து, பல்லில்லாதவர்களுக்கு வெட்டுகிறமாதிரிச் சின்னச் சின்னத் துண்டாய் வெட்டிக் கொடுத்தார். அம்பிகைக்குப் பல்லெல்லாம் ஒழுங்காக இருக்கிறது. அவள் ஒவ்வொரு துண்டாய் எடுத்துச் சாப்பிட்டாள். நல்ல மனிசன், பாசத்தில்தானே செய்கிறார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். 

அந்த இரவு போன விதத்தை ஒரு வரியில் சொல்லலாம். "நீங்கள் படுங்கோ" என்று அவளும், "நீர் முதல் படும்" என்று அவரும் சொல்லிச் சொல்லியே விடிந்துவிட்டது. தங்கி வேலை செய்கிறவர்கள் முதலில் படுக்க மாட்டார்கள். கிழடு கண் மூடி, மூச்சு அடங்கி, இனி எழும்பாது என்று நிச்சயமான பிறகுதான் தங்கள் கட்டிலுக்குப் போவார்கள். இரண்டு பேருக்குமே அது எலும்பில் ஊறிவிட்டது. இரண்டு பேருமே மற்றவர் நித்திரையாகக் காத்திருந்தால் எவர் நித்திரையாவது?

சனிக்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. கூரையில் படபடவென்று விழுந்தது, யன்னல் திரையை இழுத்துவிட்டதும் உள்ளே இதமான அரை இருட்டு. இத்தாலி முழுக்க அந்த நேரம் சாப்பிட்டுவிட்டு ஒரு கண் அயரும். இரண்டு பேருக்கும் கண் எரிந்தது, தலை சுற்றியது.

"ரெண்டு பேரும் ஒண்டாய்ப் படுப்பம்" என்றாள் அம்பிகை. கலியாணமான புதிதில்கூட அவள் இப்படி வாய்விட்டுக் கேட்டதில்லை.

படுத்தார்கள். அகலமான கட்டில், நடுவில் கொஞ்சம் இடம் விட்டுப் படுத்தார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் நித்திரையாகட்டும் என்று, தான் நித்திரையான மாதிரி மெல்ல, ஒரே சீராக மூச்சு விட்டாள். பக்கத்திலிருந்தும் அதே மாதிரி மெல்லிய, சீரான மூச்சு வந்தது. நித்திரை மூச்சு எது, நடிப்பு மூச்சு எது என்று தெரியாதவள் இல்லை அவள். நித்திரை மூச்சு வயிற்றிலிருந்து வரும், இடைக்கிடை தவறும். சீராக வந்தால் அது நடிப்பு. சின்யோரா எத்தனை தரம் அவளை அப்படி ஏமாற்றப் பார்த்திருக்கிறாள். அவருக்கும் அது தெரியும். ஆக, அவள் நடிக்கிறாள் என்று அவருக்குத் தெரியும், அவர் நடிக்கிறார் என்று அவளுக்குத் தெரியும், இரண்டு பேரும் மழைக்குள் கிடந்து ஒருவருக்காக ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். என்ன கோதாரியான வாழ்க்கை இது!

பிறகு அவருடைய கை வந்தது. அவள் அசையவில்லை. கை வரட்டும் என்றுதான் இவ்வளவு நேரமும் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தாள். அது தோளைத் தொட்டது. தொட்டு, தோளுக்கு அடியில் போயிற்று. மற்றக் கை இடுப்பில் வந்தது. நோகாமல், இழுக்காமல், ஒரே அசைவில் அவளைச் சுவர்ப் பக்கம் புரட்டி, முதுகுக்கு ஒரு தலையணையை அண்டைக் கொடுத்து, போர்வையை இரண்டு பக்கமும் செருகிவிட்டது. கன நேரம் ஒரு பக்கமாகக் கிடந்தால் உடம்பு புண்ணாகிவிடும். இதே கையால் நொத்தாரிசுக் கிழவரை எத்தனை வருசம் அவர் புரட்டியிருப்பார். நல்ல கை. தன்னுடைய கையும் அதே கைதான், அவரைத் தொட்டால் அதுவும் இதைத்தான் செய்யும் என்று அவளுக்கு அப்போது விளங்கியது.

அம்பிகை சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். சத்தம் வராமல் அழவும் அந்த வேலையில் பழகிவிட்டது.

"எங்கையேன் நோகுதோ?" என்று கேட்டார் அவர். அது கிழடுகளிடம் கேட்கிற குரல்.

"இல்லை" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் எழும்பிப் போய், சாரதி இருக்கையை உள்பக்கம் திருப்பி, அதில் இருந்தார். அவள் தலையைத் திருப்பாமலே அதைக் கேட்டாள். கட்டிலைப் பார்த்தபடி அப்படியே இருந்தார். அதற்குப் பிறகு அந்த மனிசனுடைய மூச்சு வயிற்றிலிருந்து வந்தது, இடைக்கிடை தவறியது. கதிரையில், செருப்பைக் கழட்டாமல், கூப்பிட்டால் எழும்புகிற நிலையில் தில்லையம்பலம் நிம்மதியாக நித்திரை கொண்டார். கட்டிலில் அவள் விழித்துக்கொண்டு கிடந்தாள்.

ஞாயிறு பின்னேரம் சியாகுல்லிக்குத் திரும்பினார்கள். கொன்ஸ்ரன்ரைன் வாசலில் நின்றான்.

"என்ன அண்ணை, காம்பர்தானே? சின்யோர் பேப்பரெல்லாம் எடுத்து வைச்சிட்டார்."

தில்லையம்பலம் திறப்பை அவன் கையில் கொடுத்தார். மறுபக்கம் நின்ற சின்ன ரூலோட்டை ஒருதரம் பார்த்தார்.

"ரூலோட்டை எடுப்பம்" என்றார்.

"ஏன், இது ஓட்டத்திலை ஏதும் பிழையே?"

"ஓட்டம் நல்லம். ஆனால் அம்பிகை சொல்லுறதுதான் சரி. ரூலோட் எண்டால் கழட்டலாம். வீடு இஞ்சை கிடக்கும். ஆள் காரிலை போய் வரலாம்."

அம்பிகை ஏழெட்டு வருசம் அடித்துச் சொன்ன நியாயம் அது. கடைசியில் அவருடைய வாயிலிருந்து வந்தது, அவளுடைய சொற்களாகவே வந்தது. வென்றுவிட்டாள். "இல்லையப்பா, காம்பரை எடுப்பம், இன்னும் ரெண்டு நாள் இருந்து பாப்பம், பழகிடும்" என்று அந்த இடத்தில் அவள் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொண்டுதான் நின்றாள். வாய் திறக்கவில்லை. இன்றைக்கு இரவு எங்கேயாவது தனியாக ஒரு கட்டிலில் கால் நீட்டிப் படுக்கலாம் என்று நினைத்தபோது உடம்புக்கு ஒரு ஆறுதல் வந்தது பாருங்கள், அந்த ஆறுதலை நினைத்தால்தான் அவளுக்கு இன்றுவரை நெஞ்சு எரிகிறது.

மொனிகா கோல் எடுத்தபோது அம்பிகைதான் கதைத்தாள். "ஓம் மொனிகா. ரெண்டு பேரும் வாறம் எண்டு சொல்லும்."

"நல்ல முடிவு அக்கா" என்றாள் மொனிகா. பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

ரூலோட் அந்த வளவிலேயே, தோட்டத்து வேலியோரம் நிற்கிறது. அதோடு சேர்த்து வாங்கின பழைய கார்தான் அவர் பகேரியாவிலிருந்து வந்துபோக. இப்போது வியாழக்கிழமைகளில் வாங்கு இல்லை, மழையில்லை, பார்த்துக்கொண்டிருக்கிற கிழவன்கள் இல்லை. அம்பிகை யன்னலுக்குத் திரை தைத்துப் போட்டிருக்கிறாள், ஒரு பிள்ளையார் படமும் வைத்திருக்கிறாள். காலையில் எழும்பினால் அதே யன்னலில் அதே மரம்தான் தெரியும். ஆனால் அவள் அங்கே ஒரு காலையும் எழும்பினதில்லை.

மாசி மாதம் மண்டரின் பழுத்தது. கொன்ஸ்ரன்ரைன் ஒரு பை நிறையப் பறித்துக் கொடுத்துவிட்டுப் போனான். தில்லையம்பலம் உரித்து, விதை எடுத்து, சின்னத் துண்டாக்கிக் கொடுக்க, அம்பிகை வாங்கிச் சாப்பிட்டாள். தேத்தண்ணி குடித்தார்கள். பகேரியாக் கிழவருக்கு எப்படி, நல்லம். சின்யோராவின் இடுப்பு எப்படி, பரவாயில்லை. அதற்குப் பிறகு கதைக்க ஒன்றுமில்லை. முந்தியென்றால் இந்த நேரம் பாதிச் சண்டைகூட முடிந்திருக்காது. அவருடைய கைபேசி மேசையில் கிடந்தது. அமெரிக்காக்காரரின் வீடியோவை அவர் இப்போது பார்ப்பதில்லை.

அம்பிகைக்குப் பொறுக்கவில்லை. கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, வேண்டுமென்றே குரலை உயர்த்தினாள்.

"காம்பரைத்தான் எடுத்திருக்கோணும். நீங்கள் சொன்னதுதான் சரி. இது என்ன கண்டறியாத பெட்டி, எங்கையும் போகாது. இதை வித்துப்போட்டுக் காம்பர் எடுப்பம். பாரிசுக்குப் போவம்."

சொல்லிவிட்டு அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். உமக்கு விசரோ என்று ஒரு சொல் கேட்டால் போதும். இவ்வளவு நாளும் ரூலோட் ரூலோட் என்று என்ரை உயிரை எடுத்துப்போட்டு இப்ப வந்து கதைக்கிறீரோ என்று மேசையில் ஓங்கி அடித்தால் அவள் சந்தோசத்தில் செத்தே போவாள்.

தில்லையம்பலம் அவளைப் பார்த்தார். அன்பாகத்தான் பார்த்தார். கையை நீட்டி, அவளுடைய புறங்கையை மெல்ல இரண்டு தரம் தட்டிக்கொடுத்தார்.

"ஓம், ஓம்" என்றார். "அப்பிடியே செய்வம்."

அம்பிகை நேரத்தைப் பார்த்தாள். புறப்பட இன்னும் கனநேரம் இருந்தது.